எத்தனை நாளைக்குங்க?

ஆபரேஷன் தியேட்டரின் கதவைத் தள்ளிக்கொண்டு சர்ஜன் வெளியே வந்ததும் மாமா பெஞ்சிலிருந்து எழுந்து கைகூப்பினார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு. நடை திறந்ததும் சாமியைக் கும்பிடுகிறவரின் பணிவு அது. சர்ஜன் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "கட்டியோட சேர்த்து வலது பக்கக் கிட்னியை எடுத்தாச்சுங்க. நல்லா இருக்காங்க" என்றார். மாமா கூப்பிய கையை இறக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், இன்னி எத்தனை நாளைக்குங்க?"

அந்தக் கேள்வி எனக்கு முதலில் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். சர்ஜனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தையல் பிரிக்கிற வரைக்கும் இருக்க வேண்டியிருக்கும் என்றார். மாமா சற்றே குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அதில்லீங்க. ஆயுசு" என்றார்.

அக்காவுக்கு அப்போது மயக்கம்கூடத் தெளிந்திருக்கவில்லை. அவளைப் பார்க்கலாமா என்று அவர் கேட்கவில்லை. எப்போது கண் விழிப்பாள், வலி அதிகம் இருக்குமா என்றும் கேட்கவில்லை. சர்ஜன் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் முடிவு வரட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மாமா பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணில் ஈரம் இருந்ததா என்று நான் உற்றுப் பார்த்தேன். வெறும் வியர்வைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அக்காவின் ஒரே தங்கையான நான் கோவையில் ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்துக்கொண்டு, கணபதிப் பகுதியில் ஒரு லைன் வீட்டில் தனியாகக் குடியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருந்தார்கள். அக்காவை ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள் இருந்தாள். அக்காவின் கணவரை நான் மாமா என்றே அழைத்துப் பழகியிருந்தேன். இங்கேயும் அந்தச் சொல்லையே எழுதுகிறேன். மனதில் இருக்கும் சொல்லை அச்சில் போட மாட்டார்கள்.

அக்காவுக்கு ரகசியமாகப் பேசத் தெரியாது. அடுப்படியில் அவள் சிரித்தால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மருமகள் இப்படிச் சிரிக்கலாமா என்று மாமியார் முதல் வருடமே அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். வேலைக்காரரிடம்கூட 'வாங்க, போங்க' தான். எங்கள் பக்கத்து மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சிக் கேட்டிருக்கிறேன். எனக்கும் ஒரு காலத்தில் அதில் பெருமை இருந்தது. எவ்வளவு கேவலமான காரியத்தையும் அந்த 'ங்க'வைச் சேர்த்துச் செய்துவிடலாம் என்று அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

நோய் சத்தமில்லாமல்தான் வந்தது. சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது. வலி கிடையாது. சூடு என்று சொல்லி மாமியார் வெந்தயமும் மோருமாகக் கொடுத்திருக்கிறார். நின்றுபோய் மறுபடி வந்ததும் அக்கா எனக்கு போன் செய்தாள். நான்தான் கோவைக்கு வரச்சொல்லி ஸ்கேன் எடுக்கவைத்தேன். கிட்னியில் கட்டி, பெரும்பாலும் கேன்சராகத்தான் இருக்கும், எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அந்தச் சொல்லை மாமா வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்தச் சீக்கு" என்று கண்ணால் ஜாடை காட்டினார்கள். அக்காவிடம் "கல்லு" என்று சொல்லிவைத்தார்கள்.

தையல் பிரித்த அன்று சர்ஜன் பரிசோதனை முடிவோடு அறைக்கு வந்தார். வழக்கப்படி மாமாவை வெளியே கூப்பிட்டார். அக்கா கட்டிலிலிருந்தபடியே, "டாக்டர், ஒடம்பு என்னோடதுங்க. வெளிய போயி அவருகிட்டச் சொல்றீங்க. என்னதாங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள். சர்ஜன் நின்றார். அதிகம் பேசாத, கொஞ்சம் சிடுசிடுப்பான மனிதர். என்ன நினைத்தாரோ, மாமாவை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேன்சர் கட்டிதாம்மா. ஆனா கிட்னிக்குள்ளயே இருந்துச்சு. மேல இருக்கற உறையைத் தாண்டலை. ரத்தக் குழாய்க்குள்ள போகலை. அதெல்லாம் நல்ல சேதி."

"அப்ப நா பொழச்சுக்குவனாங்க?"

"இந்த மாதிரிக் கட்டி இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க. நீங்க அதுல ஒருத்தரான்னு எனக்குத் தெரியாது. இது பல வருஷம் சும்மா இருந்துட்டுத் திரும்ப வந்தாலும் வரும். வராமலே போனாலும் போகும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பார்த்துட்டே இருக்கணும். இப்போதைக்கு வேற மருந்தோ, கரண்ட்னு சொல்ற கதிர் சிகிச்சையோ தேவையில்லை. குடுத்தாலும் இதுக்குப் பெருசாப் பிரயோசனம் கிடையாது."

 அக்கா, "கல்லுன்னு சொன்னாங்களேன்னு அதைப் பாத்துட்டுப் போலாம்னு இருந்தனுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்துக்கொண்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். சர்ஜனும் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே மாமா அதைக் கேட்டிருப்பார்.

வேறு மருந்து தேவையில்லை என்ற அந்த ஒரு வார்த்தைதான் ஈரோட்டுக்குப் போனதும் தலைகீழாக மாறிப்போனது. மருந்து இல்லையென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். தெருவில் யாருக்கோ மார்பில் கேன்சர் வந்து மருந்து ஏற்றிக் கரண்ட் வைத்தார்கள், தலைமுடியெல்லாம் கொட்டிற்று. இவளுக்கு அதுகூட இல்லையென்றால் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அக்காவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வந்தன. மகளைப் பாட்டியின் அறைக்குப் படுக்க மாற்றினார்கள். தொற்றாது என்று அக்கா சொன்னதற்கு, "இருக்கட்டும் கண்ணு, எதுக்கு வம்பு" என்று மாமியார் தலையைத் தடவிக்கொடுத்தாராம். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதையும் அக்கா பார்த்திருக்கிறாள்.

மாமாவின் சொந்தத்தில் ஈரோட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தார். காய்ச்சலுக்கும் சளிக்கும் ஊசி போடுகிறவர். மாமாவும் மாமியாரும் அவரிடம் போனார்கள். அக்காவை அழைத்துப் போகவில்லை. பரிசோதனை அறிக்கையையும் எடுத்துப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. "கேன்சர்னா கேன்சர்தான். அறுத்தாலும் அறுக்காட்டியும் ரெண்டு வருசம். அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க" என்றிருக்கிறார். அந்தச் சொல்லை இருவரும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரமே, ஓய்வாக இருக்கட்டும் என்று அக்காவைச் சத்தியமங்கலத்துக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கிறது என்று மகளை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மாமாவும் காரில் வந்து இறங்கினார்கள். குழந்தையைக் கூட்டி வரவில்லை. நானும் அன்று தோட்டத்தில்தான் இருந்தேன். ஒரு கூடை ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். அம்மா பலகாரத் தட்டை வைத்துக் காபி கொடுத்தாள். ஆஸ்பத்திரியை, மழையை, மஞ்சள் விலையை எல்லாம் பேசி முடித்துவிட்டு மாமியார் அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு, மனசுல ஒண்ணும் நெனச்சுக்காத. நம்ம டாக்டர் ரெண்டு வருசம்னு சொல்லிப்போட்டாரு. உன்ற புள்ளைக்கும் ஒரு ஆளு வேணுமில்ல? என்ற தம்பி மக ஒருத்தி இருக்கறா. நெம்பப் பொறுமையான புள்ள. நீ இருக்கறப்பவே உன்ற சம்மதத்தோட நடந்துதுன்னா ஊர்ல ஒரு பேச்சு வராது. உனக்கும் நிம்மதியாப் போயிரும்."

மாமா முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ மறந்துபோயிற்று, அந்தச் சத்தம் மறக்கவில்லை. தன் மனைவி உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பதிலாக இன்னொருத்தியைத் தாய் பேசிக்கொண்டிருக்க, அந்த மனிதர் முறுக்கை நிதானமாக உடைத்து, கடைவாயில் ஒதுக்கி, கறுக் கறுக்கென்று மென்றுகொண்டிருந்தார். மீசையில் காபி நுரை ஒட்டியிருந்தது. 

அக்கா கையை உருவிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "உங்குளுக்கும் இதுல சம்மதமுங்களா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதில்ல, அம்மணி. நீ நல்லா இருந்தீன்னா இந்தப் பேச்சே வந்திருக்காதே."

அப்பா என்ன செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வந்தவர்களை வண்டியேற்றி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாப்ள சொல்றதும் ஒரு வகைல..." என்று இழுத்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவேயில்லை. சாகும்வரை அவருக்குச் சோறு போட்டேன், மருந்து கொடுத்தேன். அந்த முடியாத வாக்கியத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா அழவில்லை. "ரெண்டு வருசம்னு சொன்னவரு என்னைப் பாக்கவே இல்லீங்க. அறுத்துப் பாத்தவரு ஒருத்தரு கோயமுத்தூர்ல இருக்கறாரு. அவரைப் போயிக் கேட்டுட்டு வாங்க. அப்பறம் பேசலாம்" என்றாள். மாமாவால் மறுக்க முடியவில்லை. அந்த வாரமே கோவைக்கு வந்தார். நான் ஆபீஸில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அவரைச் சர்ஜனிடம் அழைத்துப் போனேன்.

அங்கேயும் அதே கைகூப்பல். "ரெண்டு வருசமுங்களா, அதுக்கு மேலயுங்களா டாக்டர்? உறுதியாத் தெரிஞ்சா ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாமுங்க."

சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இன்னைக்கு அவங்க உடம்புல நோய் இருக்கற அறிகுறி எதுவும் இல்லை. நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். ஒரு கூட்டத்தைப் பத்தி ஓரளவு சொல்லலாங்க. ஒரு ஆளைப் பத்திச் சொல்ல முடியாது. ரெண்டு வருஷம்னு சொன்னவர் எதை வெச்சுச் சொன்னார்னு அவரையே கேளுங்க."

வெளியே வந்ததும் மாமா படிக்கட்டில் நின்று என்னிடம், "பாத்தீங்களா? இருப்பாள்னு ஒரு வார்த்தை சொல்லலை" என்றார். முகத்தில் வருத்தம் இருந்திருந்தால் அவரை இன்றைக்கு வேறு விதமாக நினைத்துக்கொண்டிருப்பேன். அங்கே தெரிந்தது நிம்மதி. பரீட்சை முடிவு பார்த்துவிட்டு வருகிறவன் முகத்தில் இருக்குமே, அது. கெட்ட சேதி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து வந்திருக்கிறார். தெரியாது என்ற பதிலைத் தனக்கு வேண்டியபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அக்காவின் உடம்பைத் திறந்து பார்த்தவர் தெரியாது என்றார். அவளைக் கண்ணால் பார்க்காதவர் இரண்டு வருடம் என்றார். நம்பப்பட்டது இரண்டாமவரின் வார்த்தைதான். இப்போது கட்டியின் அளவையும் மற்றதையும் கம்ப்யூட்டரில் போட்டால் இத்தனை பேரில் இத்தனை பேர் என்று காட்டிவிடுகிறதாம். நல்லதுதான். ஆனால் அந்தத் திரைக்கு முன்னாலும் மாமாவைப் போல ஒருவர் கைகூப்பிக்கொண்டு நிற்பார். தனக்கு வேண்டிய எண் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது அக்கா தயாராக இருந்தாள். "விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடறனுங்க. என்ற புள்ளையக் கொண்டாந்து உட்டுருங்க."

"நீ போனதுக்கப்பறம் அவளை ஆரு பாப்பா, கண்ணு?" என்றார் மாமியார்.

"இருக்கற வரைக்கும் நாம் பாத்துக்கறேன். அப்பறம் என்ற தங்கச்சி பாத்துக்குவா."

பெரிய சண்டை வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. ஒரு வாரத்தில் கார் வந்து நின்றது. டிரைவர் குழந்தையை இறக்கிவிட்டு அவளுடைய துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா வரவில்லை. வரப்போகிற மருமகளுக்கு ஆண் குழந்தை பிறக்கும் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். பெண் குழந்தைக்காக யாரும் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை என்பது, வாதாடியிருந்தால் எனக்கு வந்திருக்கும் கோபத்தைவிட அதிகக் கசப்பாக இருந்தது.

அக்காவும் மகளும் கணபதிக்கு என்னோடு வந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறை இருந்தது. தாமிரக் கம்பியை அச்சில் சுற்றும் வேலைக்குப் பெண்களைத்தான் எடுப்பார்கள். அக்கா அங்கே சேர்ந்தாள். முதலில் விலாப் பக்கம் இழுக்கிறது என்பாள், பிறகு பழகிவிட்டது. தாலியை அழித்து மகளுக்குத் தோடு செய்து போட்டாள். பொட்டு மட்டும் எப்போதும் போல வைத்துக்கொண்டாள். பெரிய பொட்டு. லைன் வீட்டின் கடைசி வரைக்கும் அவள் சிரிப்புக் கேட்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போவோம். அந்த வாரம் மட்டும் அவள் சத்தம் குறைந்திருக்கும். சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்பார். பஸ் ஸ்டாப்பில் கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்புவோம். ஈரோட்டு டாக்டர் கொடுத்த கெடு முடிந்த மாதம், "இனிமே நா இருக்கறதெல்லாம் அந்தாளுக்குத் தெரியாம இருக்கறதுடீ" என்று சொல்லிச் சிரித்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவள் காரணமில்லை. எனக்கு ஆண்களின் மரியாதையான பேச்சைக் கேட்டாலே உடம்பு கூசிற்று.

மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போனாள். அவள் கல்யாணத்தில் மாமா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்து, "நல்லா இருக்கறீங்க. நெம்பச் சந்தோசமுங்க" என்றார். அவள் மனைவியாக இருந்தபோது அவர் ஒருபோதும் கொடுக்காத 'ங்க'. அக்கா "சாப்புட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாகத் தெரிந்தது. சர்ஜனின் தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. படத்தைக் கீழே வைத்தார். "பதினாலு வருஷம் கழிச்சு வரும்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா" என்றார். "நீங்கதான் தெரியாதுன்னு மொதல்லயே சொன்னீங்களே" என்று அவரை அக்காதான் தேற்றினாள். கடைசி மாதங்களில் மகள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். அக்கா தன் பேரனைக் கொஞ்ச நாள் மடியில் வைத்துக்கொண்டாள். இருமலுக்கு நடுவே அவனுக்குச் சிரித்துக் காட்டினாள். பிறகு போய்விட்டாள்.

சாவுக்கு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. ஆண்கள் பக்கம் உட்காராமல் நேராக வந்து அக்காவின் தலைமாட்டில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஈரோட்டு டாக்டர் அன்னிக்கே சொன்னாருங்க. இந்தச் சீக்கு உடாதுன்னு. அவரு சொன்ன மாதிரியே ஆயிப்போச்சுங்க."

இரண்டு பேர் "ஆமாங்க" என்றார்கள். அந்த "ஆமாங்க"வைச் சொன்னவர்கள் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும்.  அதற்குள் வயதான பெண் ஒருவர், "என்ன இருந்தாலும் தாலி கட்டுனவரு. அவரு கையாலயே ஒரு பொட்டு வெச்சு அனுப்புனா நல்லாருக்கும்" என்று குங்குமத் தட்டை நீட்டினார். மாமா கையை நீட்டினார். தயங்கக்கூட இல்லை.

மகள் தட்டை வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. அந்த வீட்டில் பிறந்தவள் அல்லவா, மெதுவாகத்தான் சொன்னாள்.

"எங்கம்மா பதினாலு வருசம் அவங்களாத்தான் பொட்டு வெச்சுக்கிட்டாங்க. நீங்க எந்திரிச்சுப் போங்க."

பிறகு குனிந்து, அம்மா வைத்துக்கொள்கிற அதே அளவுக்குப் பெரிதாக, அவளே வைத்தாள்.  மாமா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்த முறை அவருக்குத் தெரியும். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு, மரியாதையாகப் போனார்.